உடனின்றார் குற்றம்

கொள்ளையிடக் கருதிப் பலர் ஒருங்கு கூடிச் சென்றவிடத்து, அவருள் ஒருவன் கொலை செய்துவிடின், ஏனையோரும் அக்கொலைக்கு உரியராவரோ என்பது பெரிதும் ஆராயப்பட்டதொரு வினா. வினை செய்த உயிரையே சாரும். ஒருவன் செய்தது பிறனொருவனுக்கு ஏறுமாறில்லை என்பது சைவர்க்கு உடன்பாடு. அங்ஙனமாக, வாயிலிற் காவல் நின்றானைக் கொலைஞன் என்றல் யாங்ஙனம் பொருந்தும்?

இதனை ஆராய்தற்கு நிகழ்ந்ததொரு வழக்கு உதவும். 1923-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 3-ஆம் நாள், கல்கத்தா நகரத்துச் சங்கரிடோலா தபால் நிலையத்தின் பின்னறையிற் சப் போஸ்டு மாஸ்டர் பணம் எண்ணிக்கொண்டிருந்தார். முற்றத்தை யடுத்த கதவிற் சிலர் தோன்றிப் பணத்தைக் கேட்டனர். கேட்ட மாத்திரத்தே கைத்துப்பாக்கிகளாற் சுட்டனர். கையிலும் அக்குளின் அருகிலும் குண்டு பட்டு அவர் உயிர் நீத்தார். வந்தவரோ ஒரு காசும் எடாது ஓடினர். துரத்திப் பிடிக்கப்பட்ட ஒருவன் கையில் துப்பாக்கி இருந்தது. தான் முற்றத்தில் அஞ்சி நின்றதன்றிச் சுட்டதில்லை என்பது அவன் எதிர்வாதம்.

குண்டினைச் செலுத்தியவன் இவனே யாயினும் அன்றாயினும், கூடினார் அனைவர்க்கும் பொதுவாகிய கருத்து முற்றுதற்பொருட்டு அக்கொலை நிகழ்ந்ததாயின் இவனும் கொலைக்குற்றவாளியே என நீதிபதி ஜூரிமார்க்கு அறிவுறுத்தினார். அவரும் அவ்வாறே துணிந்தனர். இலண்டனிலிருந்த பிரிவி கவுன்சிலும் அதனை உறுதி செய்தது. அத்தீர்ப்பை எழுதிய சம்னர் பிரபு, காத்து நிற்றலைப் போற்றும் மில்டன் பாட்டடி ஒன்றை எடுத்தாண்டார். கண்ணிழந்த புலவர் கடவுட்பணி குறித்துப் பாடியது கொள்ளையர் வழக்கிற்கு மேற்கோளாயிற்று!

இத்தீர்ப்பிற்கு அடிப்படை 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்து 34-ஆம் பிரிவு. அனைவர்க்கும் பொதுவான கருத்து நிறைவேறுதற்பொருட்டு என்னும் பொருளுடைய தொடர் அப்பிரிவில் முதலில் இல்லை, 1870-இற் சேர்க்கப்பட்டது. 2024-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் தொட்டு நடைமுறையிலுள்ள பாரதீய நியாய சங்கிதையிலும் அக்கருத்து நிலைபெற்றுள்ளது. அச்சிறு தொடரே முன்னெழுந்த ஐயத்தை அறுப்பது. என்னை? செய்தல், செய்வித்தல், உடன்படல் என வினை மூவகைப்படும். வாயிலில் நின்றான் சுமப்பது சுட்டவனது வினையன்று. தன் உடன்பாடாகிய தன் வினையே. ஆகலின், வினை இடம் மாறிற்றென்னும் இழுக்கு ஈண்டு இல்லையென்க.

அற்றேல், அவன் உடன்பட்டது கொள்ளைக்கன்றிக் கொலைக்கன்றே எனின், துப்பாக்கியைக் காட்டிப் பணங்கேட்டல் யாது பொருட்டென ஆராய்தல் வேண்டும். கொடாவிடிற் கொல்வேன் என்பதே அதன் பொருள். அவ்வச்சுறுத்தலுக்கு அறிந்து உடன்பட்டவன், அது மெய்யாய் முடிதற்கும் உடன்பட்டவனே யாவன். கொலை நிகழாதென்று நம்பினேன் எனின், அந்நம்பிக்கை எதிர்நின்றார் அஞ்சிப் பணிவரென்பதைப் பற்றியதேயன்றித் தன் கூட்டத்தாரது இரக்கத்தைப் பற்றியதன்று.

ஆயினும், உடன்பாடு எல்லார்க்கும் ஒருபடித்தன்று. ஆயுதம் உண்டென்பதே அறியாது மூட்டை சுமக்கச் சென்ற சிறுவனும் துப்பாக்கியில் தோட்டா இட்டவனும் ஒருவரோ? பழைய சட்டத்து 396-ஆம் பிரிவு, ஐவரோ அதன் மேற்பட்டாரோ கூடிக் கொள்ளையிடுங்கால் ஒருவன் கொலை செய்யின், அனைவரையும் தண்டனைக்கு உரியராக்கிற்று. ஒவ்வொருவன் கருத்தையும் தனித்தனி வினவிற்றில்லை. இது கடுமையுடைத்து. ஆனால், தண்டனையைத் தூக்கு முதல் பத்தாண்டுக்கு மேற்படாத கடுங்காவல் ஈறாக விரித்து வைத்தமையின், கருத்தை அளக்கும் பொறுப்பு நீதிபதியின் நெஞ்சுக்கு விடப்பட்டது. அவ்வளவை வழுவின், சட்டம் நேராயினும் நீதி கோணும்.

அமெரிக்க நாட்டு உச்ச நீதிமன்றமும் இவ்விடத்து இடர்ப்பட்டது. பிளாரிடாவில் முதியோர் இருவர் கொள்ளையிடப்பட்டுக் கொல்லப்பட்ட வழக்கில், கூட்டாளிகள் தப்புதற்கு வெளியே மோட்டார் வண்டியிற் காத்திருந்தவனைத் தூக்கிற்கு உரியவன் அல்லனென 1982-இல் விலக்கிற்று. தானே கொன்றிலன், கொல்ல முயன்றிலன், கொல்லக் கருதியதும் இலன் என்பது ஏது. ஐந்தாண்டு கழித்து அரிசோனா வழக்கொன்று வந்தது. தந்தையைச் சிறைமீட்கத் துப்பாக்கிகளை உள்ளே கொண்டுசென்ற மைந்தர், வழியில் ஒரு குடும்பத்தாரை மறித்து வண்டியைக் கவர உதவினர். தந்தையும் அவன் தோழனும் அக்குடும்பத்தார் நால்வரைச் சுட்டுக் கொன்றனர். மைந்தர் சுட்டிலர், கண்டிருந்தும் உதவாது கொலைஞரோடு உடன்சென்றனர். செயலிற் பெரும்பங்கும் பிறருயிரை மதியாமையும் ஒருங்கிருப்பின் தூக்கிற்குத் தடையில்லை என 1987-இல் அம்மன்றம் துணிந்தது. தூக்குத் தண்டனை தகுமோ என்பது வேறு வினா. குற்றத்தின் அளவை மாத்திரம் நோக்கின், இவ்விரு தீர்ப்பும் தம்முள் முரண்பட்டனவல்ல.

இனி, சங்கரிடோலா முற்றத்தில் நின்றான் கூறிய அச்சம் எஞ்சி நிற்கின்றது. அச்சம் வேறு, விலகல் வேறு. கால் நடுங்கினும் ஒருவன் கூட்டத்தோடு நிற்கலாம். உடன்பாடு நீங்கிற்றென்பதற்குத் திரும்பிச் செல்லலோ, உள்ளிருப்பார்க்குக் கேட்கக் கூவலோ, தோழனைத் தடுத்தலோ சான்றாம். அவன் வாதமாக மன்றம் எடுத்துக்கொண்டதோ அஞ்சி நின்றதை மட்டுமே.