நன்றாக ஓடிய நாளின் குறிப்பு

"நேத்து வரைக்கும் நல்லாதாணா ஓடுச்சு."

பாலக்கோட்டில் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கிறவன் நாளெல்லாம் கேட்கிற பேச்சு இது. பிள்ளைகள் டூவீலரின் பின்னால் உட்கார்ந்து, கேபினெட்டை மடியில் அணைத்தபடி வருவார்கள். கேம் திணறுகிறது, லேக் ஆகிறது, ஒரு வாரம் முன்பு இப்படி இல்லை. "நல்லான்னா எவ்வளவுப்பா?" என்று திருப்பிக் கேட்பேன். பெரும்பாலும் பதில் இருக்காது. ஸ்மூத்தா இருந்துச்சு என்பார்கள். அந்த நினைவு பொய்யில்லை. ஆனால் அதை வைத்து எதையும் அளக்க முடியாது.

நம் ஊர் தக்காளி மார்க்கெட்டில் நேற்றைய விலை தெரியாமல் யாரும் கிரேடை இறக்குவதில்லை. ஏறியதா இறங்கியதா என்ற பேச்சே அந்த நேற்றிலிருந்துதான் தொடங்குகிறது. கம்ப்யூட்டருக்கு மட்டும் அந்த நேற்றை ஒருவரும் எழுதிவைப்பதில்லை. என் வேலையில் பாதி நேரம் அதைத் தேடுவதிலேயே போகிறது.

*

விநாடிக்கு 60 ஃபிரேம் (எஃப்.பி.எஸ்.) என்றால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கிடைக்கும் நேரம் 16.7 மில்லி விநாடி. அதற்குள் ப்ராசசர் கணக்குப் போட்டு, கிராஃபிக்ஸ் கார்டு படம் வரைந்து, மானிட்டருக்கு அனுப்பியாக வேண்டும். இப்போது ஒரே ஒரு ஃபிரேம் மட்டும் 200 மில்லி விநாடி எடுத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி 800 மில்லி விநாடியில் 48 ஃபிரேம் ஒழுங்காக வந்துவிடும். திரையின் மூலையில் 49 என்ற எண் தெரியும். பார்க்கிற பெரியவர்களுக்கு 49 நல்ல எண்தான். ஆடுகிற பிள்ளைக்கோ அந்த ஒரு ஃபிரேமில் உயிர் போய்விட்டது.

சராசரி எப்படி ஏமாற்றும் என்பதை விளங்கவைத்தவர் ஸ்காட் வாஸன். தி டெக் ரிப்போர்ட் இதழில் 2011-இல் அவர் எழுதிய கட்டுரை, ஒரு விநாடிக்குள் நுழைந்து ஒவ்வொரு ஃபிரேமும் எடுத்த நேரத்தைத் தனித்தனியாக அளந்து காட்டியது. அதற்குப் பிறகுதான் கார்டுகளைச் சோதிக்கிறவர்கள் சராசரியோடு சேர்த்து, மிக மோசமான ஒரு சதவீத ஃபிரேம்களின் கணக்கையும் கொடுக்கும் பழக்கம் பரவியது.

அதனால் லேக் என்று சொல்லி வருகிறவனிடம் முதலில் எந்த லேக் என்று கேட்டாக வேண்டும். எல்லாம் ஒரே சீராக மெதுவாகிவிட்டதா, நன்றாக ஓடி இடையில் வெட்டுகிறதா, அல்லது படம் சரியாக ஓடியும் சுட்ட குண்டு தாமதமாகப் போகிறதா? மூன்றாவது நெட் சம்பந்தப்பட்டது. ஃபைபர்காரரைக் கூப்பிட வேண்டியது. கேபினெட்டைத் திறக்கவே வேண்டாம்.

பிள்ளைகள் இதை நுட்பமாகச் சொல்வார்கள். பெற்றோர்தான் "கேம்தானே, விடுங்க" என்று இடையில் பேசுவார்கள். 2020-இல் ஆன்லைன் வகுப்புக்காகக் கடன் வாங்கிப் போட்ட கம்ப்யூட்டரில் பையன் கேம் ஆடுகிறான் என்ற வருத்தம் அவர்களுக்கு. அது எனக்குப் புரியும். ஆனால் பத்து மில்லி விநாடி மாற்றத்தை விரலில் உணர்கிறவன் சொல்கிற புகார் மதிக்கத்தக்கது. மெஷினில் நோய் வந்தால் முதலில் கண்டுபிடிக்கிறவன் அவன்தான். எக்செல் திறக்கிறவருக்கு அது தெரிய இன்னும் ஆறு மாதம் ஆகும்.

*

இரண்டாவது வாக்கியம்: "நான் ஒண்ணும் பண்ணலணா."

இதை நம்ப வேண்டும். நம்பாமல் குறுக்கு விசாரணை செய்கிற கடைகள் உண்டு. அவன் தொடாமலேயே மெஷினுக்குள் மாற்றங்கள் நடந்துகொண்டிருக்கின்றன.

2025 அக்டோபரில் விண்டோஸ் 11-க்கு வந்த கேபி 5066835 அப்டேட்டுக்குப் பிறகு சில கேம்களின் வேகம் குறைந்தது. அடுத்த மாதம் என்விடியா அதை ஒப்புக்கொண்டு 581.94 என்ற அவசர டிரைவரை வெளியிட்டது. 2021 அக்டோபரில் விண்டோஸ் 11 வந்த புதிதில் ரைசன் ப்ராசசர்களின் எல்3 கேஷ் தாமதம் கூடிப்போனது. சில ஈ-ஸ்போர்ட்ஸ் கேம்களில் 10 முதல் 15 சதவீதம் வரை அடி விழலாம் என்று ஏ.எம்.டி.யே அறிவித்தது. அந்த மாதத்துக்குள்ளேயே திருத்தம் வந்துவிட்டது. 2023 தொடக்கத்தில் அரட்டைக்கான டிஸ்கார்ட் ஆப் திறந்திருந்தாலே சில என்விடியா கார்டுகளின் மெமரி வேகம் 200 மெகாஹெர்ட்ஸ் இறங்கியது. நண்பர்களோடு பேசிக்கொண்டே ஆடுகிறவன் இதை எப்படிக் கண்டுபிடிப்பான்?

மூன்றிலும் மெஷினில் கோளாறு இல்லை, ஆடினவன் மீதும் தவறு இல்லை. ஒருநாள் இரவு தானாக இறங்கிய ஒன்றுதான் காரணம். எனவே கேபினெட்டைத் திறக்கும் முன் விண்டோஸின் அப்டேட் வரலாற்றைத் திறந்து தேதிகளைப் படிக்கிறேன். பையன் சொல்கிற "போன செவ்வாய்க்கிழமை" அதில் இருந்தால் தேடல் சுருங்கிவிடும். டிரைவர் புதிதாக மாறியிருந்தால் ஒரு கேமை முதல் சில முறை ஓட்டும்போது ஷேடர்களை மறுபடி தயார்செய்துகொள்ளும். அதுவரை வெட்டி வெட்டித்தான் ஓடும். அந்த வெட்டு தானே அடங்கும். அதற்குப் பணம் வாங்கக் கூடாது.

*

ஆடத் தொடங்கியதும் மெதுவாக இருந்தால் ஒரு வழி. பத்துப் பதினைந்து நிமிடம் நன்றாக ஓடி, பிறகு விழுந்தால் வேறு வழி. இரண்டாவது பெரும்பாலும் சூடு.

சித்திரையில் வந்த ஒரு மெஷின். பையனின் வீட்டில் கயிறு திரிக்கிறார்கள். வீட்டு முன்னால் நான்குவழிச்சாலை வேலையில் பறந்த மண் வேறு. கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றியபோது உள்ளே அவ்வளவு மோசமாகத் தெரியவில்லை. ஃபேன் இறக்கைகளைத் துணியால் துடைத்தே வைத்திருந்தான். கேம் ஓடவிட்டு, சூட்டையும் வேகத்தையும் காட்டும் எச்.டபிள்யூ.இன்ஃபோவைத் திறந்தேன். ப்ராசசர் 100 டிகிரியை நெருங்கி அங்கேயே முட்டி நின்றது. நாலு கிகாஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் ஓட வேண்டியது ஒன்றரைக்கு இறங்கியிருந்தது. தெர்மல் த்ராட்லிங் என்ற வரியில் சிவப்பு எழுத்து.

ஃபேனை ஹீட்சிங்கிலிருந்து பிரித்ததும் காரணம் தெரிந்தது. ஃபேனுக்கும் அலுமினியத் தகடுகளுக்கும் நடுவில், வெளியிலிருந்து கண்ணுக்கே தெரியாத இடத்தில், ஒரு படலம். செம்மண் தூசியைத் தேங்காய் நார்ப் பிசிறுகள் குறுக்கும் நெடுக்கும் கோத்துப் பிடித்திருந்தன. நகத்தால் ஓரத்தைத் தூக்கினால் முழுசாக உரிந்து வந்தது, தகடுகளின் வரிவரியான தடத்தோடு. ஃபேன் முழு வேகத்தில் சுற்றியும் ஒரு மூச்சுக் காற்றுகூட உள்ளே போயிருக்காது. அடியில் தெர்மல் பேஸ்ட் சுண்ணாம்பாகக் காய்ந்து வெடித்திருந்தது.

ப்ளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்வேன். காற்றின் வேகத்தில் சுற்றவிட்டால் பேரிங் கெடும். பழைய பேஸ்ட்டை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்து, நடுவில் ஒரு சின்னப் பொட்டு புதியது வைத்து, நான்கு மூலையையும் குறுக்காக மாற்றி மாற்றி முடுக்கினேன். அதே கேம், அதே இடம், எழுபது சொச்சம் டிகிரி. வேகம் திரும்பிவிட்டது.

இந்தச் சூட்டில் மெதுவாவது ஒரு பாதுகாப்பு. 2001-இல் டாம்ஸ் ஹார்ட்வேர் இதழின் தாமஸ் பாப்ஸ்ட் ஒரு சோதனை நடத்திக் காணொளியாக வெளியிட்டார். குவேக் 3 கேம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ப்ராசசர் மேலிருந்து ஹீட்சிங்கைக் கையால் எடுத்துவிட்டார்கள். ஏ.எம்.டி.யின் அத்லான் புகைந்து செத்தது. பென்டியம் 3 உறைந்து நின்றது. பென்டியம் 4 மட்டும் சிப்புக்குள்ளேயே சூட்டைப் பார்த்து வேகத்தைக் குறைத்துக்கொண்டது. கேம் நொண்டி நொண்டி ஓடியது, ஆனால் நிற்கவில்லை. ஹீட்சிங்கைத் திருப்பி வைத்ததும் பழைய வேகம் வந்தது. இன்றைய ப்ராசசர்கள் எல்லாமே அந்த வழியில்தான் தங்களைக் காப்பாற்றிக்கொள்கின்றன.

அப்படியானால் பையன் சொன்ன "நேத்து" உண்மையில் எது? அந்தப் படலம் இரண்டு வருடமாக வளர்ந்திருக்கும். ஒவ்வொரு மாதமும் ஓரிரு டிகிரி கூடியிருக்கும். எல்லையைத் தொடும்வரை வேகம் குறையவே இல்லை. சித்திரை வெயிலில் அறைச் சூடு நாலைந்து டிகிரி ஏறியபோதுதான் எல்லை தட்டியது. நோய் மெதுவாக வந்தது. தெரிந்தது மட்டும் திடீரென்று.

பழைய கிராஃபிக்ஸ் கார்டுகளிலும் இதே கதை. 2022 செப்டம்பர் 15-இல் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் வேறு முறைக்கு மாறியதும், கார்டுகளை வைத்து அதைத் தோண்டும் தொழில் ஒரே நாளில் நின்றுபோனது. இரவு பகலாக ஓடிய கார்டுகள் பழைய பொருள் சந்தையில் வந்து கொட்டின. பெங்களூருக்கு ரயிலேறிப் போய் அப்படி ஒன்றை வாங்கிவந்த பிள்ளைகள் நம் பக்கத்தில் உண்டு. பேஸ்ட்டும், மெமரி மேல் ஒட்டியிருக்கும் தெர்மல் பேடும் மாற்றினால் அவற்றில் பல இன்னும் நன்றாகவே உழைக்கும்.

*

ஆயுத பூஜை முடிந்த வாரம். கேபினெட்டில் சந்தனமும் குங்குமமும் காய்ந்திருக்கும். "பூஜைக்குத் தொடச்சதிலிருந்து சரியா ஓடலணா." பின்பக்கம் திருப்பிப் பார்த்தால் போதும். எல்லா வயரையும் கழற்றித் துடைத்துவிட்டு, மானிட்டர் கேபிளை கிராஃபிக்ஸ் கார்டில் செருகாமல் மேலே மதர்போர்டில் இருக்கும் துளையில் செருகியிருப்பார்கள். படம் வருகிறது, எனவே சந்தேகம் வருவதில்லை. கார்டு சும்மா இருக்க, ப்ராசசருக்குள் இருக்கும் சின்ன கிராஃபிக்ஸ் கேமை இழுத்துக்கொண்டிருக்கும்.

கரண்ட் விஷயத்தில் எங்கள் ஊரில் ஒரு தவறான நம்பிக்கை உண்டு, வோல்டேஜ் குறைந்ததால் கேம் மெதுவாகிவிட்டது என்று. வோல்டேஜ் தாங்காமல் போனால் கம்ப்யூட்டர் அணைந்துவிடும் அல்லது ரீஸ்டார்ட் ஆகும். மெதுவாகாது. ஆனால் கரண்ட் போய் வந்த பிறகு மெதுவாவது உண்டு, அதற்கு வேறு காரணம். மதர்போர்டில் இருக்கும் சி.ஆர். 2032 என்ற 3 வோல்ட் பேட்டரி தீர்ந்திருந்தால், மெயின் அணைந்ததும் பயாஸ் தன் அமைப்பையெல்லாம் மறந்துவிடும். 3200-இல் ஓடிய ரேம் 2133-க்கோ 2400-க்கோ இறங்கிவிடும். ரைசன் 5600ஜி மாதிரி தனிக் கார்டு இல்லாமல் ரேமையே கிராஃபிக்ஸுக்கும் பங்கிட்டுக்கொள்ளும் ப்ராசசர்களில் இந்த அடி பலமாக விழும். அடையாளம்: தேதி பல வருடம் பின்னால் போயிருக்கும், வெப்சைட்டுகள் திறக்க மறுக்கும். ஒரு பேட்டரியும், பயாஸுக்குள் ரேமின் முழு வேகத்துக்கான எக்ஸ்.எம்.பி.யை மறுபடி போடுவதும்தான் மருந்து.

*

எங்கள் தொழிலில் எனக்குப் பிடிக்காத பழக்கம், எதற்கும் முதல் வேலையாக ஃபார்மட் அடிப்பது. வேகமாக முடியும், பணமும் வரும். சில சமயம் குணமும் ஆகும். ஆனால் எது கெட்டிருந்தது என்று தெரியாமல் போய்விடும். அப்டேட் தேதி, பழைய டிரைவர் எண், பின்னால் ஓடிக்கொண்டிருந்த புரோகிராம், நிரம்பி வழிந்த எஸ்.எஸ்.டி., எல்லாத் தடயமும் சேர்ந்து அழிகிறது. மூன்று மாதத்தில் அதே பையன் அதே புகாரோடு வந்து நிற்பான். ஃபார்மட் அடித்ததில் அவன் ப்ராஜெக்ட் ஃபைலும் வீட்டு போட்டோக்களும் போயிருக்கும். ஒன்றை மாற்று, ஓட்டிப் பார், எழுது, பிறகு அடுத்ததை மாற்று. நேரம் எடுக்கத்தான் செய்யும்.

அதனால் சரியாகி வெளியே போகும் ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு சீட்டு எழுதி, பக்கத் தகட்டின் உட்புறம் ஒட்டுகிறேன். மாதம், டிரைவர் எண், ரேம் வேகம், சும்மா இருக்கும்போது சூடு, கால் மணி நேரம் ஆடிய பின் சூடு, அப்போது ப்ராசசரும் கார்டும் ஓடிய வேகம். பிறகு ஒரு கேமின் பெயர், அதில் ஒரு குறிப்பிட்ட இடம், அங்கே நின்றால் வரும் எஃப்.பி.எஸ். இடம் முக்கியம். திறந்த வயலிலும் புகை நிறைந்த சண்டையிலும் ஒரே எண் வராது. வீட்டிலேயே இதை எழுதிக்கொள்ளலாம், கடை தேவையில்லை. நன்றாக ஓடும் நாளில் எழுத வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை.

அப்படிச் சீட்டு ஒட்டியிருந்த ஒரு மெஷின் திரும்பி வந்தது. "கவுன்டர் ஸ்ட்ரைக் ஓடவே மாட்டேங்குதுணா. முன்னாடி நூத்தம்பது வரும்." சூடு, ரேம், கார்டின் வேகம், எல்லாம் சீட்டில் இருந்தபடியே இருந்தன. மாறியது கேம். 2023 செப்டம்பர் 27-இல் வால்வ் நிறுவனம் பழைய கவுன்டர் ஸ்ட்ரைக்: குளோபல் அஃபென்சிவ் இருந்த இடத்திலேயே கவுன்டர் ஸ்ட்ரைக் 2-ஐ வைத்துவிட்டது. அதே ஐகான், அதே லைப்ரரி, உள்ளே எஞ்சின் புதிது; கேட்கும் உழைப்பு ரொம்ப அதிகம். பையன் பழைய கேமைத்தான் திறப்பதாக நினைத்துக்கொண்டிருந்தான்.

அவன் அப்பா கூட வந்திருந்தார். புதுக் கார்டு போட வேண்டுமா என்று தயங்கிக் கேட்டார்.

"வேண்டாங்கண்ணா. மெஷின்ல ஒரு குறையும் இல்ல."

ரெசல்யூஷனைக் குறைத்து, நிழல்களின் தரத்தை இறக்கினோம். எண்பதுக்குப் பக்கத்தில் நிலையாக நின்றது. ஒரு ஸ்மோக் குண்டு போட்டு அதற்குள் நின்று பார்த்தான், அறுபத்திரண்டு. ஆடலாம் என்றான். பழைய சீட்டைக் கிழிக்காமல் அதற்குக் கீழேயே இன்னொன்று ஒட்டினேன். கேமின் பெயரை இந்த முறை அவனே எழுதினான்.