கொல்லாமையை அன்பால் உணர்த்தல்

எல்லா உயிர்களிலும் சிவபெருமான் உயிருக்குயிராய் எழுந்தருளியிருக்கின்றார் என்பது சைவசமயம் காட்டும் உண்மை. ஆதலால் பிற உயிரை வருத்தாதிருத்தலும் சிவ வழிபாடேயாகும். ஆயினும் இந்த அறத்தை எடுத்துரைப்போர் சிலர், மச்சம் மாமிசம் உண்போரை இகழ்ந்து பேசிவிடுகின்றனர். கருணையைப் போதிக்கும் நாவிலே கருணை இல்லையாயின் அப்போதனை எவர் நெஞ்சிற் பதியும்?

திருக்குறளில் புலால் மறுத்தல் என்னும் அதிகாரம் அருளுடைமை என்னும் அதிகாரத்தை அடுத்தே வைக்கப்பட்டுள்ளது. முதலில் அருள், அதன் பின்னரே புலால் மறுத்தல். உள்ளத்தில் அருள் சுரந்தால் உணவு தானே மாறும் என்பது இவ்வைப்பு முறையால் விளங்கும்.

முல்லைத்தீவு கடலும் காடும் வயலும் சூழ்ந்த மண். இங்கே கடற்றொழில் செய்து பிள்ளைகளைப் படிப்பிக்கும் அடியார்களே திருவிழாவுக்கு உபயம் செய்கின்றனர், தேர்வடமும் பிடிக்கின்றனர். அத்தகைய ஒருவரைக் கோயில் வாசலில் வைத்து, “நீ செய்வது பாவத்தொழில்” என்று சொன்னால், அவர் அடுத்த வெள்ளிக்கிழமை வரத் தயங்குவார். மீனும் தப்பாது, அடியார் ஒருவரையும் ஆலயம் இழந்துவிடும்.

அறுபத்துமூன்று நாயன்மாருள் ஒருவரான அதிபத்தர் நாகபட்டினத்துப் பரதவர். நாள்தோறும் தம் வலையில் அகப்பட்ட மீன்களுள் ஒன்றைச் சிவபெருமானுக்கென்று கடலில் விட்டவர். வறுமை வந்து ஒரேயொரு மீன் கிடைத்த நாட்களிலும், பொன்மீன் கிடைத்த நாளிலும் அவர் தம் நியமத்திலிருந்து வழுவவில்லை. அவருடைய தொழிலைப் பார்த்து இறைவன் அவரை விலக்கவில்லை; அன்பைப் பார்த்து ஆட்கொண்டார். இறைவனே விலக்காதவரை மனிதர் விலக்கலாமா?

ஆகவே, ஒருவரிடம் ஏற்கெனவே உள்ள நல்வழக்கத்திலிருந்து தொடங்குவதே சிறந்தது. வற்றாப்பளை கண்ணகி அம்மனின் வைகாசிப் பொங்கற் காலத்திலும் கந்தசஷ்டியிலும் மச்சம் நீக்கி விரதம் காக்கும் குடும்பங்கள் பல. “சஷ்டி ஆறு நாளும் இருந்தீர்களே, இனி வெள்ளியோடு செவ்வாயும் இருந்து பாருங்கள்” என்று இன்சொல்லால் கேட்கலாம். ஒரு நாள் கூடினாலும் அன்று சில உயிர்கள் பிழைக்கும்.

சொல்லைவிடச் சோறு நன்றாகப் பேசும். வள்ளலார் 1867ஆம் ஆண்டு வடலூரில் சத்திய தருமச்சாலையை நிறுவி, சாதி சமயம் பாராது பசித்தோர்க்கு உணவளிக்கச் செய்தார். அவர் ஏற்றிய அடுப்பு இன்றும் அணையாது எரிகின்றது. கோயில் அன்னதானத்தில் பலாக்காய்க் கறியும் கத்தரிக்காய்க் குழம்பும் பருப்பும் ருசியாக அமைந்தால், “மரக்கறியிலும் இத்தனை சுவையா?” என்று உண்பவர் தாமே வியப்பார்.

விலக்கு மட்டும் போதாது, மாற்றும் வேண்டும். ஆடு கோழி பலியிட்ட இடங்களிலே நீற்றுப்பூசணிக்காய் வெட்டி வழிபடும் வழக்கம் நிலைத்தது இதனாலேயே. நேர்த்தியைக் கைவிடச் சொல்லாமல் நேர்த்தியின் வடிவத்தை மாற்றியதால் அடியார் மனமும் நோகவில்லை, உயிரும் தப்பியது.

சிறுவருக்கு உபதேசம் தேவையில்லை, செயல் தேவை. கோடையிலே பறவைக்கும் கட்டாக்காலி மாட்டுக்கும் தண்ணீர் வைத்தல், கன்று வயிறாரக் குடித்த பின்னரே பால் கறத்தல், காட்டில் சுருக்கு வைப்பதைத் தவிர்த்தல் ஆகியவற்றை வீட்டிலே கண்டு வளரும் பிள்ளை, உயிரின் அருமையைத் தானே உணரும்.

வீட்டில் ஒருவர் புலால் நீக்கிவிட்டால், மற்றவர் கோப்பையை எட்டிப் பார்த்துக் குறை சொல்லாதிருத்தலும் விரதமேயாகும். அவருடைய பொறுமையையும் மலர்ந்த முகத்தையும் கண்டு வீட்டார் ஒருவர் பின் ஒருவராக அவ்வழிக்கு வருதல் கூடும்.

வாயில்லாச் சீவன்களுக்காகப் பேசும் வாய் இனிமையாகப் பேசுவதாக. எல்லா உயிர்களும் இன்புற்றிருக்க அம்பாளின் திருவருள் கிட்டுவதாக.