உடன்செல்வோர் அறம்

பலர் கூடிச் செல்லும் நெடும்பயணத்தில், விரைந்து செல்ல வல்லவர் பின்தங்குவோருக்காகக் காத்திருத்தல் கடமையா, அன்றிக் கருணை மாத்திரமா? சிறிதெனத் தோன்றும் இவ்வினா அறவியலின் ஆழமான பகுதியொன்றைத் தொடுகின்றது. அரிஸ்டோட்டில் தமது நிக்கொமாக்கிய அறவியலின் எட்டாம் நூலில், உடன்பயணிகள் ஒருவரையொருவர் நண்பர் என விளிக்கும் வழக்கத்தைச் சுட்டுகின்றார். ஆயினும், மக்கள் சேர்ந்து செல்வது ஏதோவொரு பயன் கருதியே என்று கூறுபவரும் அவரே. அவ்வாறாயின், பயன் அற்றுப்போகுமிடத்து அந்நட்பும் அற்றுப்போகுமா?

இதனை ஆராய்வதற்குக் கதிர்காமப் பாதயாத்திரையினும் பொருத்தமான களம் கிழக்கிலங்கையில் இல்லை. 1983 இன் பின் தடைப்பட்டு, 1988 இல் மீண்டும் உயிர்பெற்ற இந்நெடுநடை, கல்முனை, அக்கரைப்பற்று வழியாகத் தம்பிலுவிலை அடைந்து, திருக்கோவில், பொத்துவில், பாணமை ஆகிய ஊர்களைக் கடந்து, உகந்தையிற் காடு புகுகின்றது. காட்டுவழி மாத்திரமே ஏறத்தாழ ஒரு வாரம் பிடிக்கும். குமுக்கன் ஆறு, நாவலடி, வியாழை என இடையிடையே தங்குமிடங்கள் அமைகின்றன. கோடையில் நீர் அரிது. ஆற்றுமணலில் ஊற்றுத் தோண்டியும் நீர் பெறவேண்டியிருக்கும். யானையும் கரடியும் திரியும் அக்காட்டில் தனித்து நடக்க எவரும் எளிதில் துணியார். அரிசியும் நீரும் சுமந்து, இரவில் நெருப்பு மூட்டி, ஒருங்கே துயில்வர். பின்தங்கிய மூதாட்டிக்காக முன்சென்ற இளைஞர் நிற்பது அங்கே இயல்பு.

ஆனால், அந்நிற்றலை அறமென்று புகழுமுன் சற்றுத் தயங்கவேண்டும். கூட்டம் சிதறினால் இளைஞருக்கும் ஆபத்துண்டு. அச்சத்தால் நிகழும் காத்திருப்பைத் தற்காப்பு எனலாமேயன்றி, அறம் எனல் எளிதன்று.

தம்பிலுவில் தெருவிலோ நிலை வேறு. தார் வீதியில் பேருந்து ஓடுகின்றது. வீடுகள் நெருங்கியுள்ளன; தாகத்துக்கு மோர் வார்ப்போர் உளர்; கோயில் மண்டபங்களில் இரவைக் கழிக்கலாம். பின்தங்கியவர் வழிதவறவோ விலங்குக்கு இரையாகவோ இடமில்லை. வெயில் ஏறுமுன் அடுத்த நிழலை அடைவதே முன்செல்வோருக்குப் பயன். எனவே, காத்திருப்பதற்கான பயன்சார்ந்த காரணங்கள் யாவும் இங்கே நீங்கிவிடுகின்றன. இவ்விடத்தில் ஒருவர் நின்றால், பிறரின் பொருட்டே நிற்கின்றார். காட்டைவிட இவ்வூர்த் தெருவே நல்ல உரைகல். யாத்திரிகர் வயதும் நிலையும் பாராது ஒருவரையொருவர் 'சாமி' என்றழைப்பர். அழைப்பது எளிது, அந்தச் 'சாமி'யின் பாதம் கொப்புளித்து, அவர் திருக்கோவில் போய்ச்சேர நண்பகலாகும்போதே சொல்லின் கனம் தெரியவரும்.

பயன்சார்ந்த தேவை அறவே நீங்கிய பயணங்களும் உலகில் உண்டு. 1973 ஓகஸ்டில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் இரு பத்திரிகையாளர் தொடக்கிய துவிச்சக்கரவண்டிப் பயணம், பல்லாயிரவர் கூடாரமடித்துத் தங்கி ஒரு வாரம் செல்லும் ஆண்டுநிகழ்வாக வளர்ந்துள்ளது. பொதிகளை லொறிகள் சுமக்கின்றன. இயலாதோரை வாகனங்கள் ஏற்றிச்செல்கின்றன. எவரும் எவருக்காகவும் நிற்கவேண்டியதில்லை. அம்முதற் பயணத்தில் 83 வயதான கிளாரன்ஸ் பிக்கார்ட் என்பவர் பெண்களுக்குரிய வண்டியொன்றில் இறுதிவரை சென்று, மக்கள் நினைவில் நிலைத்துவிட்டார். அத்தகையோருக்காகப் பிறர் நிற்பது அவருக்குச் சிறுமையாகாதா என்று வினவலாம். வலுவான மறுப்பே இது. மெல்லச் செல்பவரைச் சுமையாகக் கருதி, முகஞ்சுளித்து நிற்பதிலும் நில்லாது செல்வதே மேல்.

எனினும், காத்திருத்தல் என்பது ஒட்டி நடத்தல் மாத்திரமன்று. மண்டபத்தில் பாய் விரித்தபின் இன்னும் வராதவர் யாரென எண்ணிப்பார்த்தலும், அவர் பங்குச் சோற்றை மூடிவைத்தலும், இருட்டினால் விளக்கோடு வீதிவரை வருதலும் அதனுள் அடங்கும். அவற்றுட் பயனைத் தேடுவோர் தேடிக்கொண்டேயிருக்கவேண்டியதுதான். கடைசியாக வருபவருக்கும் மோர் எஞ்சவேண்டுமென்று பானையைக் கவிழ்க்காது வாசலில் இருக்கும் தம்பிலுவில் வீட்டாரோ, அக்கூட்டத்தோடு நடப்பவரும் அல்லர். அவ்வாண்டு கதிர்காமம் காணப்போகின்றவரும் அல்லர்.