காட்சியும் உரையும்

மயிலாப்பூர்ச் சாந்தோம் தேவாலயம் தோமையார் கல்லறைமீது எழுந்ததெனக் கிறித்தவர் போற்றுவர். உயிர்த்தெழுந்த இயேசுவின் காயங்களைக் கண்டு தொட்டாலன்றி நம்புதற்கு இசையாது, காட்சியளவையை வேண்டிநின்றவர் அத்தோமையாரே என்று யோவான் சுவிசேஷம் கூறும். பின்வந்தோர்க்கு அக்காட்சி இல்லை, உரையே உண்டு.

இயேசு என்பாரொருவர் இருந்தனரோ எனின், இருந்தனர் என்பதே வரலாற்றறிஞர் பெரும்பாலோர் துணிபு. கி. பி. 116 அளவில் உரோம ஆசிரியர் தாசித்தசு, திபேரியசு மன்னன் காலத்தே பிலாத்துவினால் கிறித்து கொல்லப்பட்டமையைக் குறித்தார். அவர் அச்சமயத்தை வெறுத்தவராதலின் அச்சான்று பொருட்படுத்தற்குரியது. ஆயினும் அஃது இறப்பையே காட்டும், உயிர்த்தெழுதலைக் காட்டாது. அவ்வெழுச்சி பொய்யாயின் தம் விசுவாசமே பயனிலதாமெனப் பவுல் உடன்பட்டார். ஆகவே, வரலாறு கிறித்தவரை வாயில்வரை கொண்டுசெல்லும். அகம் புகுதல் உரையளவையாலேயாம்.

இதுகண்டு சைவர் இறுமாப்புறுதற்கு இடனில்லை. சிவபெருமான் பிறப்பிலியாதலின், அவனுண்மை ஒரு காலத்து நிகழ்ச்சியைப் பற்றி நில்லாதென்பது மெய்யே. எனினும், சிறுத்தொண்டர் சென்ற வாதாபிப் போர் கி. பி. 642-இல் நிகழ்ந்ததெனக் கொண்டு, சம்பந்தர் காலம் ஏழாம் நூற்றாண்டென ஆராய்ச்சியாளர் துணிவர். சீகாழியில் அவர் உண்ட ஞானப்பாலைக் கல்வெட்டுக் காட்டுமோ? காலத்தை ஆராய்ச்சி அளக்கும். அருளை அநுபவமே அளக்கும். இவ்வெல்லை உணர்ந்தார் பிறர் சமயத்தை இகழார். தம் சமயம் பற்றியும் அஞ்சார்.