எஜமான் கைவிட்டான், கர்த்தர் கைவிடவில்லை!

தியானப் பகுதி: 1 சாமுவேல் 30:11-15



இந்த மாதம் ஆவியானவர் என் இருதயத்தில் வைத்த செய்தி கொஞ்சம் வித்தியாசமானது. தலைப்பைப் பார்த்து, வயசான வேலைக்காரனைப் பற்றியதா, குதிரையைப் பற்றியதா, நம்மைப் பற்றியதா என்று கேட்பீர்கள். மூன்றையும் பற்றியதுதான். பொறுமையாய் வாசியுங்கள்.

சிக்லாகு பட்டணம் எரிந்து சாம்பலாய்க் கிடக்கிறது. தாவீதின் மனைவிமாரையும், அவனோடிருந்தவர்களின் பெண்டு பிள்ளைகளையும் அமலேக்கியர் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அழுவதற்குப் பெலனில்லாமல் போகுமட்டும் அழுதார்கள். கூட இருந்தவர்களே தாவீதின்மேல் கல்லெறியப் பேசிக்கொண்டார்கள். அவன் கர்த்தருக்குள் தன்னைத் திடப்படுத்திக்கொண்டு, எதிரியைத் துரத்திப் போகிறான். ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம். அப்போது வழியில், வயல்வெளியில் ஒருவன் விழுந்து கிடக்கிறான். எகிப்தியன். அமலேக்கியன் ஒருவனுக்கு வேலைக்காரன். மூன்று நாளைக்கு முன்பு அவனுக்கு வியாதி வந்தது. அவ்வளவுதான், எஜமான் அவனை அப்படியே போட்டுவிட்டுப் போய்விட்டான். உழைக்கிறவரைக்கும் வேலைக்காரன், படுத்துவிட்டால் பாரம்!

இன்றைக்கும் அந்த அமலேக்கியன் உயிரோடுதான் இருக்கிறான், பிரியமானவர்களே.

நம் ஊர்ப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்க. ஆட்டோ வராத காலத்தில் ரயிலடியில் இறங்கினால் குதிரை வண்டிதான். அதை இழுத்தது பெரும்பாலும் மட்டக்குதிரை. அது நோயல்ல, ஊனமல்ல, சாதியே அப்படி. தோள் உயரம் ஏறக்குறைய 147 சென்டிமீட்டருக்குள் இருப்பதை மட்டக்குதிரை என்பார்கள். வண்டி போயிற்று, குதிரையும் நம் பக்கத்தில் அபூர்வமாயிற்று. ஆனால் சென்னை மெரினா மணலிலும், ஊட்டி ஏரிக்கரையிலும், கொடைக்கானலிலும் இன்னும் அவை பிள்ளைகளைச் சுமக்கின்றன. சீசனுக்கு ஊட்டி போன நம் ஜனங்கள் ஐந்து நிமிஷம் சவாரி செய்து போட்டோ எடுத்துக்கொண்டு வந்திருக்கலாம்.

சீசன் முடிந்தால் என்ன ஆகிறது? கால் நொண்டினால், பல் தேய்ந்தால், முதுகில் புண் வந்தால்? அவிழ்த்து விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அவை நீலகிரிக் குளிரில் ரோட்டோரம் அலைந்து, குப்பைத் தொட்டியில் பிளாஸ்டிக்கோடு சேர்த்துத் தின்று, வண்டி மோதி விழுகின்றன. மசினகுடிக்குப் பக்கத்தில் மாவனல்லா என்ற இடத்தில், 1990-களில் தொடங்கிய ஓர் அமைப்பு, 'இந்தியா ப்ராஜெக்ட் ஃபார் அனிமல்ஸ் அண்ட் நேச்சர்' என்று பெயர், இப்படிப்பட்ட மட்டக்குதிரைகளுக்கும் கழுதைகளுக்கும் அடைக்கலம் கொடுத்தது. இனி ஒரு ஆளையும் சுமக்க முடியாது, ஒரு ரூபாயும் சம்பாதிக்க முடியாது என்று தெரிந்தே அவைகளை ஏற்றுக்கொண்டார்கள். அப்படி மீட்கப்பட்ட கிழக் குதிரையைத் தத்தெடுப்பது என்பதை வைத்து வேதம் நமக்குக் கற்றுக்கொடுக்கிற சத்தியங்களைத் தியானிப்போம்.

1. தாவீது முதலில் ஊட்டினான், பிறகுதான் விசாரித்தான்

வசனங்களின் வரிசையைக் கவனியுங்கள். முதலில் அப்பம், தண்ணீர், அத்திப்பழ அடைத் துண்டு, இரண்டு வற்றலான திராட்சக் குலை. அதற்குப் பிறகுதான் "நீ யாருடையவன், எங்கிருந்து வந்தாய்?" என்ற விசாரணை. இவன் நமக்கு உபயோகப்படுவானா என்று தாவீது முதலில் பார்க்கவில்லை. தன் சொந்தக் குடும்பமே சிறையிருப்பில் இருக்கும்போது நின்று, ஒரு அந்நியனுக்குச் சாப்பாடு கொடுத்தான். அவன் வழிகாட்டினது பிற்பாடு கர்த்தர் கொடுத்த ஆசீர்வாதம்.

கிழக் குதிரையை வீட்டுக்குக் கொண்டு வருகிறவனும் இப்படித்தான். அதனால் வண்டி ஓட்ட முடியாது. விற்றால் விலை கிடையாது. அது இருக்கிறது, அதற்குப் பசிக்கிறது. அவ்வளவுதான் காரணம். கிருபை என்று நாம் ஆராதனையில் பாடுகிறோமே, அது இதுதானே? நம்மிடத்தில் என்ன பிரயோஜனம் கண்டு கர்த்தர் நம்மைத் தெரிந்துகொண்டார்? சொல்லுங்க பார்ப்போம்!

2. இரக்கத்துக்கும் ஞானம் வேண்டும்

பட்டினி கிடந்தவனுக்குத் தாவீது ஆட்டை அடித்து விருந்து வைக்கவில்லை. கொஞ்சம் அப்பம், கொஞ்சம் பழம். எலியா சூரைச்செடியின் கீழே படுத்தபோதும் (1 இராஜாக்கள் 19) தூதன் ஒரு தரம் கொடுத்து, தூங்கவிட்டு, மறுபடியும் எழுப்பிக் கொடுத்தான். கர்த்தர் எவ்வளவு நேர்த்தியான வைத்தியர்!

மிருக வைத்தியர்களும் இதையே சொல்லுகிறார்கள். எலும்பும் தோலுமாய் வந்த குதிரைக்கு, ஐயோ பாவம் என்று முதல் நாளே கொள்ளும் தவிடும் குவித்துப் போட்டால், இரத்தத்திலுள்ள தாது உப்புகள் திடீரென்று குறைந்து, இருதயம் நின்றே செத்துப்போகலாம். முதலில் புல், வைக்கோல் மாதிரியான நார்த்தீவனம்தான். அதுவும் கொஞ்சம் கொஞ்சமாய், சில மணி நேரத்துக்கு ஒரு தரம். உடம்பு தேற மாதக்கணக்கில் ஆகும். குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது. வயிற்றில் கோளாறு வந்தால் உயிருக்கே ஆபத்து.

வயசான குதிரைக்குப் பல்தான் பெரிய பாடு. குதிரையின் பல் ஆயுசு முழுவதும் ஈறிலிருந்து மேலே வந்துகொண்டே இருக்கும், தின்னத் தின்னத் தேயும். வயசு போகப் போக மிச்சம் ஒன்றும் இருக்காது. புல்லை மென்று உருண்டையாய்க் கீழே துப்பிவிடும். பார்க்கிறவர்கள் தின்கிறது என்று நினைப்பார்கள். அது பட்டினி கிடக்கும். ஊறவைத்துக் குழைத்துக் கொடுக்க வேண்டும். பல் போன தாத்தாவுக்கு அம்மா கஞ்சி கரைக்கிற மாதிரி!

கூட்டத்தில் ஒருவர் கண்ணீர் விட்டால் உடனே பத்து நாள் உபவாசம், இரவெல்லாம் ஜெபம் என்று பாரத்தைத் தூக்கி வைக்கிற ஊழியர்களும் இதைக் கவனிக்க வேண்டும். நொறுங்கி வந்தவனுக்கு முதலில் ஒரு வாய் ஆறுதல்.

3. உட்கார்ந்து செல்லுஞ்செலவைக் கணக்குப் பாருங்கள்

லூக்கா 14:28-ல் கோபுரம் கட்டுகிறவனுக்கு ஆண்டவர் சொன்ன ஆலோசனை, தத்தெடுக்கிறவனுக்கும் பொருந்தும். குதிரை 25, 30 வருஷம் வாழும். மட்டக்குதிரை அதற்கு மேலும் வாழுவதுண்டு. 20 வயசுக் குதிரையை ஏற்றுக்கொண்டால் இன்னும் பத்து வருஷம் பராமரிக்க நேரிடலாம். 200 கிலோ எடையுள்ளதற்கு தினமும் காய்ந்த தீவனம் 3, 4 கிலோ, தண்ணீர் 20 லிட்டருக்குக் குறையாமல். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒரு தரம் குளம்பு சீவ வேண்டும். பல் பார்க்க, பூச்சி மருந்து கொடுக்க வைத்தியர் வேண்டும். அது கூட்டத்தில் வாழுகிற ஜீவன். தனியே கட்டிப்போட்டால் ஏங்கிப்போகும்.

ஆகவே உணர்ச்சிவசப்பட்டு யாரும் ஊட்டிக்குப் பஸ் ஏறிவிடாதீர்கள்! தத்தெடுப்பது என்றால் வீட்டுக்குக் கொண்டுவருவது மட்டுமல்ல. அடைக்கலத்தில் இருக்கிற ஒரு ஜீவனின் தீவனச் செலவைச் சிலர் சேர்ந்து மாதாமாதம் ஏற்றுக்கொள்ளுவதும் தத்துதான். ஒரு நாள் அழுதவனைவிட, பத்து வருஷம் புல் போட்டவனே உண்மையுள்ளவன்.

4. "தேவன் மாடுகளுக்காகக் கவலைப்படுகிறாரா?"

ஒரு சகோதரி என்னிடத்தில் கேட்டார்கள்: "பாஸ்டர், ஆத்துமாக்கள் அழிந்துகொண்டிருக்கும்போது குதிரையைப் பற்றிப் பேசலாமா?" நல்ல கேள்வி. 1 கொரிந்தியர் 9-ல் பவுலும் இதே மாதிரி கேட்கிறார். ஆனால் அவர் எதை ஆதாரமாக வைத்துப் பேசுகிறார்? போரடிக்கிற மாட்டின் வாயைக் கட்டாதே என்ற கட்டளையை (உபாகமம் 25:4). மாட்டுக்கே நியாயம் உண்டென்றால் ஊழியனுக்கு எவ்வளவு அதிகம் என்பது அவருடைய வாதம். மாட்டுக்குரிய நியாயம் இல்லாமற்போனால் அந்த வாதமே நிற்காது!

ஓய்வுநாள் உங்கள் எருதுக்கும் கழுதைக்கும் சேர்த்துத்தான் கொடுக்கப்பட்டது (யாத்திராகமம் 23:12). பகைவனுடைய கழுதை சுமையோடு விழுந்து கிடந்தாலும் தூக்கிவிட வேண்டும் (23:5). நீதிமானுக்கு அடையாளம் அவன் தன் மிருகத்தின் உயிரை மதிப்பது (நீதிமொழிகள் 12:10). நினிவேயைக் குறித்து யோனாவோடு பேசின கர்த்தர், கடைசியாய் அங்கிருந்த மிருகஜீவன்களையும் கணக்கில் சேர்த்தார் (யோனா 4:11).

1824-ல் லண்டனில் மிருகவதைத் தடுப்புச் சங்கம் தோன்றினபோது அதை முன்நின்று நடத்தினவர் ஆர்தர் புரூம் என்ற போதகர். சங்கத்தின் கடனுக்காக அவர் சிறைக்கும் போனார். அவரோடு நின்றவர்களில் ஒருவர், அடிமை வியாபாரத்தை ஒழிக்கப் போராடின வில்பர்ஃபோர்ஸ். மனுஷனை நேசித்தவர்கள்தான் மிருகத்துக்கும் இரங்கினார்கள். ஒரே இருதயம், இரண்டு கிரியை.

நம் தேசத்திலும் 1960-ம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டம், பசியிலும் தாகத்திலும் வாடும்படி மிருகத்தைக் கைவிடுவது குற்றம் என்கிறது. முதல் குற்றத்துக்கு அது வைத்த அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை. 50 ரூபாய்க்கு யார் பயப்படுவார்கள்? தேவபயம் உள்ளவன்தான் பயப்படுவான்.

5. நம் வீட்டுக் கொட்டகையில் யார்?

இப்போது நம் வாசலுக்கு வருவோம். வெள்ளாற்றங்கரையில் நமக்குக் குதிரை இல்லை. ஆனால் பால் வற்றின பசு உண்டு, உழுது ஓய்ந்த எருது உண்டு. இத்தனை வருஷம் பிள்ளைகளுக்குப் பால் கொடுத்ததை அடிமாட்டுக்காரனிடம் பிடித்துக் கொடுக்கும்போது நம் கை நடுங்குகிறதா? ஆஸ்பத்திரிச் செலவுக்கு வேறு வழியில்லாமல் விற்ற ஏழைச் சகோதரனை நான் குற்றப்படுத்தமாட்டேன். அவனுக்கு அந்த நெருக்கம் வராமல் சபை கைகொடுத்ததா என்பதுதான் என் கேள்வி.

இன்னொன்றும் சொல்லுகிறேன், கோபப்படாதீர்கள். திண்ணையில் உட்கார்ந்திருக்கிற அப்பாவுக்கும் பல் போய்விட்டது. அம்மாவுக்கு முழங்கால் வலி. முதியோர் பணம் வருகிற தேதியில் மாத்திரம் "அப்பா" என்று கூப்பிடுகிற வீடு நம் சபையில் இருக்கலாகாது. பெலன் குன்றும்போது என்னைத் தள்ளிவிடாதேயும் என்று ஜெபித்த சங்கீதக்காரனின் கண்ணீர் (சங்கீதம் 71:9) இன்றைக்கும் நம் தெருவில் சத்தமில்லாமல் ஓடுகிறது. நரைக்கிறவரைக்கும் நானே சுமப்பேன் என்று ஏசாயா 46:4-ல் வாக்குக் கொடுத்தவரை ஆராதித்துவிட்டு, வீட்டிலே சுமக்க மறுப்பது எப்படி?

கர்த்தர் சீக்கிரம் வருகிறார். அவர் வருமுன்னே, வழியில் விழுந்து கிடக்கிற ஒருவரையாவது, மனுஷரோ மிருகமோ, தூக்கி எடுப்போம். இந்த வாரமே ஒரு காரியம் செய்யுங்கள். தனிமையாயிருக்கிற ஒரு வயசானவருக்குக் கஞ்சி கொண்டுபோங்கள். வாசலில் ஒரு தொட்டித் தண்ணீர் வையுங்கள். கிழ மாட்டை விற்க நெருக்கப்படுகிற சகோதரன் இருந்தால் சபைக்குத் தெரியப்படுத்துங்கள். சேர்ந்து வழி தேடுவோம்.

ஜெபம்: எங்கள் பரலோகப் பிதாவே, நாங்கள் ஒன்றுக்கும் உதவாதவர்களாய்க் கிடந்தபோது எங்களைத் தேடி வந்தீரே, உமக்கு ஸ்தோத்திரம். அந்த எஜமானுடைய இருதயத்தை எங்களிலிருந்து எடுத்துப்போடும். தாவீதின் இருதயத்தைத் தாரும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம். ஆமென், அல்லேலூயா!