வேலியில்லாச் சிறை

மதில் இல்லை, இரும்புக் கதவு இல்லை, காவற் கோபுரமும் இல்லை. ஆயினும் அது சிறை! அலைகடல் அதற்கு அகழி. அடர்ந்த காடு அதற்கு அரண். அந்தச் சிறையிலிருந்து விடுதலையை நாடி ஓடினர் நூற்றுக்கணக்கானோர். அவர்களிற் பலர் போய்ச் சேர்ந்த இடம் தூக்குமேடை.

1858ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் நாள், 200 கைதிகளைக் கொண்ட முதற் கூட்டம் அந்தமானில் வந்திறங்கியது. 1857ல் வெள்ளையர் ஆட்சியை எதிர்த்தெழுந்த சிப்பாய்கள் அவர்களிற் பலர். அழைத்து வந்த அதிகாரி ஜேம்ஸ் பாட்டிசன் வாக்கர், தொழிலால் மருத்துவர். ஆக்ரா சிறையை ஆண்டு பழகியவர். இன்று நாம் படங்களிற் காணும் செல்லுலார் சிறை அன்று இல்லை. அதைக் கட்டத் தொடங்கியதே 1896ல்தான். காலிலே தளை, கையிலே கோடரி, எதிரே காடு. வெட்டு என்றது ஆணை, வெட்டினர்.

சில நாட்களுக்குள்ளேயே நாராயண் என்ற கைதி தப்ப முயன்றான், பிடிபட்டான், தூக்கிலிடப்பட்டான். கண்டவர்கள் அஞ்சி அடங்கினரா? இல்லை! அடுத்த சில வாரங்களிற் கூட்டங் கூட்டமாகக் காட்டுக்குள் புகுந்தனர். எந்த நம்பிக்கையில்? காட்டைக் கடந்தால் பர்மா வந்துவிடும், பத்து நாள் நடைதான், அங்குள்ள மன்னர் புகலிடம் தருவார் என்று அவர்களுள் ஒருவன் சொன்னான். அதை நம்பி நடந்தனர்.

பர்மாவுக்கும் அந்தமானுக்கும் இடையே கிடப்பது கடல்! அந்தக் கடலையே கடந்திருந்தாலும், பர்மாவின் கடற்கரையிற் பறந்தது, 1852 போருக்குப் பின்னர், அதே வெள்ளையர் கொடி!

பசி வாட்டியது. தீவின் தொல்குடியினர் எய்த அம்புகள் பலரைச் சாய்த்தன. எஞ்சியோரிற் சிலர் பிடிபட்டனர். சிலர் பசி தாளாது தாமே திரும்பினர். அவர்களுக்கு மருத்துவர் வாக்கர் எழுதிய மருந்துச் சீட்டு, தூக்குக் கயிறு! 1858 ஜூன் நடுப்பகுதி வரையிலான கணக்கைப் பாருங்கள்: வந்தவர் 773. மருத்துவமனையில் இறந்தவர் 64. ஓடி மீளாதவர் 140. தற்கொலை 1. தப்ப முயன்றதற்காகத் தூக்கிலிடப்பட்டவர் 87. அவருட் பெரும்பாலோர் ஒரே நாளில்! எஞ்சியவர் 481. மூன்றே மாதக் கணக்கு இது.

நாம் கேட்கும் கேள்வி இது: தப்பியோட முயல்வது குற்றமா?

“சட்டம் என்று ஒன்று வேண்டாமா? ஓடியவனை விட்டால் எந்தச் சிறை நிற்கும்?” என்று கேட்பார் உண்டு. நல்லது. ஓடியவனைத் துரத்திப் பிடிப்பது காவலனின் வேலை. அதை நாம் மறுக்கவில்லை. பிடித்தவனைக் கொல்வது எந்த அறம்? கல்கத்தாவில் இருந்த மேலதிகாரமே முகஞ் சுளித்தது. இனி இதற்குத் தூக்கு வேண்டாம் என்றது. அதே ஆட்சி 1860ல் எழுதிய தண்டனைச் சட்டம், 224ஆம் பிரிவில், காவலிலிருந்து தப்புவதற்கு விதித்த உச்ச தண்டனை இரண்டாண்டுச் சிறை! இரண்டாண்டு பொருந்தும் செயலுக்கு உயிரையே விலையாக வாங்கினார்கள். ஜெர்மானியச் சட்டமோ, வன்முறையின்றித் தானே தப்பும் கைதியை, தப்பியதற்கென்று தண்டிப்பதே இல்லை. கூண்டில் அடைபட்ட உயிர் வெளியை நாடுவது இயற்கை என்பதை அது ஒப்புக்கொள்கிறது.

ஆகவே, ஓடியது குற்றமன்று. பின், அவர்களைக் கொன்றது கயிறு மட்டுந்தானா? இங்கேதான் பகுத்தறிவாளர் சற்று நிற்க வேண்டும். கயிற்றுக்கு முன்பே அவர்களைக் காட்டுக்குள் அனுப்பிய ஒன்று உண்டு. அதன் பெயர் அறியாமை.

அந்த அறியாமை தானாக முளைத்ததா? கடலைக் கடந்தால் சாதி கெடும் என்று தலைமுறை தலைமுறையாக ஓதி வைத்தார்கள். 1852ல், பர்மாப் போருக்குக் கப்பலேறிச் செல்ல வங்காளப் படையின் 38ஆம் காலாட்படை மறுத்தது அந்த ஓதலால்தான். வெள்ளையன் அதை மாற்ற முயன்றானா? மாறாகப் பயன்படுத்திக் கொண்டான்! கடல் கடத்துவது இவர்களுக்கு இரட்டைத் தண்டனை என்று கணக்கிட்டே கப்பலேற்றினான். கடலைப் பாராதே என்றான் ஒருவன். கடலுக்குள்ளே கிட என்றான் மற்றொருவன். இருவருக்கும் இடையே நின்றவன் கையிலே ஒரு தேசப்படம் இல்லை. கடலைத் தீண்டாதே என்று தடுக்கப்பட்டவன், கடலின் அகலத்தை எங்ஙனம் அறிவான்?

இனி, அறிவு கிட்டிய ஒருவனையும் பார்ப்போம். தூத்நாத் திவாரி, 14ஆம் காலாட்படைச் சிப்பாய். ஏப்ரலில் ஓடியவர்களுள் ஒருவன். உடன் வந்தோர் அம்புக்கு இரையாயினர். புண்பட்டுப் பிழைத்த அவனைத் தொல்குடியினர் பின்னர்த் தம்முடன் சேர்த்துக் கொண்டனர்; உணவிட்டனர்; பெண்ணும் கொடுத்தனர். ஓராண்டு அவர்களுடன் வாழ்ந்தான். காட்டின் வழி கற்றான். 1859 மே மாதம், தம் மண்ணைப் பறித்தோரைத் தாக்க அவர்கள் திரண்டபோது, முந்தி ஓடி, வெள்ளை அதிகாரியிடம் செய்தி சொன்னான். அபர்டீன் என்னுமிடத்தில், காத்திருந்த துப்பாக்கியின் முன்னே வந்து நின்றது வில்! தோற்றது. தூத்நாத்துக்கு மன்னிப்புக் கிடைத்தது.

பழைய தோழர்களின் உயிரைக் காக்க ஓடினான் என்று அவனுக்காக வாதிடலாம். அந்த வாதத்தை நாம் எறிந்துவிடவில்லை. தாக்குதலில் கைதிகளும் மாண்டிருப்பர். ஆனால், தளையிட்டவர் துயரும் மண்ணிழந்தவர் துயரும் ஒருங்கே அறிந்தவன் அந்தத் தீவில் அவன். இரண்டுக்கும் காரணம் ஒரே கை என்று அவன் கண்டிருக்க வேண்டும். காணவில்லை, தன் தளை கழன்றதும் கணக்கு முடிந்தது என்றிருந்தான். அன்று ஆயிரக்கணக்கில் வாழ்ந்த பெரிய அந்தமானியரை நோயும் குடியேற்றமும் அரித்தன. 1961 கணக்கெடுப்பில் அவர்கள் 19 பேர்!

87 பேரிடம் வேட்கை இருந்தது, வழி தெரியவில்லை. ஒருவனுக்கு வழி தெரிந்தது. அவ்வழியே தனக்கு மட்டும் விடுதலை தேடிக்கொண்டான். முன்னவர்களைப் பார்த்து நாம் நகைக்க மாட்டோம். பின்னவனைப் பார்த்துப் பொறாமையும் கொள்ள மாட்டோம்.

இளந்தோழனே! பத்தே நாள் நடை, அப்பால் பொன்னுலகு என்று உன்னிடமும் எவனாவது சொல்லுவான். ஆர்வத்தோடு கேள், ஆனால், தேசப்படத்தை விரித்துக் காட்டச் சொல். காட்டினால், அதை மடித்து உன் சட்டைப் பையில் வைத்துக் கொள்ளாதே. உன் பக்கத்தில் தளையோடு நிற்பவனுக்கும் காட்டு.