2.03 மீற்றருக்குப் பிறகு

உயரம் பாய்தல் ஒரு விசித்திரமான போட்டி. அதில் வென்றவனும் பெரும்பாலும் தோற்றுத்தான் களத்தை விட்டு வருவான். நூறு மீற்றரில் முதலாவதாக வந்தவனுக்குக் கோட்டைத் தாண்டியதோடு கதை முடிந்தது. உயரம் பாய்கிறவன் மற்றவர்கள் எல்லாரும் கழிந்து போன பிறகும் தடியை இன்னும் கொஞ்சம் ஏற்றச் சொல்லுவான். அடுத்தடுத்து மூன்று தரம் அதைத் தட்டி விழுத்துவான். பிறகுதான் தங்கம். தன்னால் எது முடியாது என்று கண்ட கையோடு மேடை ஏறுகிற வீரன், கோலூன்றிப் பாய்கிறவனைத் தவிர, வேறு யார் இருக்கிறான்?

நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 2024 ஏப்ரலில் லொஸ் ஏஞ்சல்ஸில் காலமானார் என்ற செய்தி வந்தபோது எனக்கு ஓடிய நினைப்பு இது. அவருக்கு 89 வயது. நான் வாசித்த அஞ்சலிக் குறிப்புகள் எல்லாவற்றிலும் ஒரே எண் இருந்தது: 2.03 மீற்றர். பழைய கணக்கில் ஆறடி எட்டங்குலம். 1958இல் டோக்கியோவில் நடந்த மூன்றாவது ஆசிய விளையாட்டு விழாவில் அவர் தாண்டிய உயரம். ஆசிய விழாவில் இலங்கை கண்ட முதல் தங்கம். அப்போது அவருக்கு 23 வயது. அதற்குப் பிறகு 65 வருடங்களுக்கு மேல் அவர் இந்த உலகத்தில் நடமாடியிருக்கிறார். பாய்கிறவன் காற்றில் இருக்கிற நேரம் ஒரு செக்கன்கூட வராது. அந்த ஒரு செக்கனைப் பிடித்துக்கொண்டு நாங்கள் 65 வருடத்தைக் கைவிட்டுவிடுகிறோம்.

அந்த எண்ணைச் சின்னதாக்க நான் வரவில்லை. இன்றைக்கு இலங்கையில் 2.30 தாண்டியவர் இருக்கிறார். 2021இல் உஷான் திவங்க பெரேரா தாண்டினார். அதை வைத்து 2.03ஐ அளக்கக் கூடாது. 1968இல் மெக்சிக்கோவில் அமெரிக்கர் டிக் பொஸ்பரி முதுகைத் தடிக்குக் கொடுத்துப் பாய்ந்து 2.24 எடுத்தார். உலகம் முழுவதும் அந்த வழிக்கு மாறியது. அப்படிப் பாய்கிறவன் கழுத்தும் தோளும் அடிபட விழுவான். கீழே தடித்த மெத்தை இருந்தால்தான் அது சரிவரும். எதிர்வீரசிங்கத்தின் காலத்தில் கீழே இருந்தது மணல். கையோ காலோ முதலில் ஊன்றுகிற மாதிரித்தான் தடியைக் கடக்க வேண்டும். மேலே போவதற்கு முன்னமே எப்படி விழுவது என்று உடம்பு முடிவுசெய்திருக்க வேண்டும். பெரியவிளானில் பிறந்து, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் படித்த பையன், 17 வயதில் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் போய் நின்றது மணலில் பழகிய கால்களோடு. 1956இல் மெல்பேர்ண் ஒலிம்பிக்குக்கும் போனார்.

டோக்கியோ விழா 1958 மே 24இல் தொடங்கி ஜூன் 1இல் முடிந்தது. அந்தத் திகதிகளை இலங்கையின் நாட்காட்டியோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்களுக்கு வேறொன்றும் தெரியும். அதே கிழமையில்தான் தெற்கில் தமிழர்களின் வீடுகள் எரிந்தன. ரயிலில் வந்தவர்கள் இறக்கி அடிக்கப்பட்டார்கள். மே 27இல் அவசரகாலச் சட்டம் வந்தது. பிறகு அகதிகளைக் கப்பலில் ஏற்றிப் பருத்தித்துறைக்கும் காங்கேசன்துறைக்கும் அனுப்பினார்கள். ஒரு நாடு தன் முதல் ஆசியத் தங்கத்தை ஒரு தமிழ்ப் பையனின் கால்களால் எடுத்த நேரத்தில் அந்த நாட்டின் தெருக்களில் நடந்தது இது. இதை ஒரு பெரிய முரண்நகையாக எழுதிவிட்டுப் போவது சுலபம். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் சொல்லித் திரிந்தேன். இப்போது என் மனம் நிற்பது வேறு இடத்தில். அப்படியொரு பதக்கத்தை வைத்துக்கொண்டு ஒருவர் பிறகு எப்படி வாழ்வது? கசந்து போகலாம். அந்தப் பெருமையை மட்டும் தின்றுகொண்டு கிடக்கலாம். இரண்டுக்கும் அவருக்குக் காரணம் இருந்தது.

அவர் படித்தார். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் படித்துக்கொண்டே பாய்ந்தார். 1962இல் ஜகார்த்தாவில் வெள்ளி எடுத்தார். பிறகு கோர்னெல் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம். ஆப்பிரிக்காவில் சியரா லியோனிலும் நைஜீரியாவிலும் படிப்பித்தார். இந்த வரிகளை நான் வேகமாகக் கடக்கிறேன், ஏனென்றால் யாழ்ப்பாணத்தான் ஒருவன் படித்துப் பட்டம் எடுத்து வெளிநாட்டில் வேலை பார்த்தான் என்பது எங்களுக்குப் புதினம் இல்லை. புதினம், அவர் திரும்பி வந்தது. எழுபதை நெருங்கியும் தாண்டியும், பேரப்பிள்ளைகளோடு வெயில் காய வேண்டிய வயதில், போர்நிறுத்தக் காலத்திலும் போர் முடிந்த பிறகும் வடக்குக்கு வந்து கல்வி, விளையாட்டு என்று சம்பளமில்லாத வேலைகளில் தலையைக் கொடுத்தார். பிள்ளைகளுக்குப் பாயப் பழக்கினார்.

ஆசிய சம்பியன் ஒருவர் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் பழக்குகிறபோது தடியை எந்த உயரத்தில் வைப்பார்? இதுதான் எனக்குப் பிடித்த கேள்வி. வென்றவனின் கை சும்மாவே மேலே போகும். தான் தொட்ட உயரத்தின் நினைவு கையில் இருக்கும். நல்ல பயிற்றுநர் அந்தக் கையைக் கீழே இறக்குகிறார். பிள்ளை நேற்றுத் தாண்டியதற்குச் சற்றுக் கீழே வைக்கிறார். இரண்டு மூன்று தரம் தாண்டட்டும், கால் தன் அடியைக் கண்டுபிடிக்கட்டும் என்று பார்க்கிறார். பிறகு ஒரு விரற்கடை ஏற்றுகிறார். பத்திரிகை எழுதுவது கடைசி உயரத்தை. பிள்ளைக்கு முக்கியம் முதல் உயரம். அது தவறினால் அந்தப் பிள்ளை அடுத்த நாள் மைதானத்துக்கு வராது.

இது எனக்குத் தெரியவந்தது எதிர்வீரசிங்கத்திடமிருந்து அல்ல. எங்கள் ஊரிலும் ஒருவர் இருந்தார். சங்கக்கடையில் வேலை. ஆசிரியராக ஒரு நாளும் இருந்ததில்லை, ஆனால் ஊர் முழுக்க அவருக்கு மாஸ்டர் என்றுதான் பெயர். இளவயதில் மாவட்ட மட்டத்தில் பாய்ந்தவர் என்று சொல்லுவார்கள். அவர் வாயால் அதை நான் கேட்டதில்லை. காலைமை ஆறு மணிக்கு முன்னமே மணல் குழிக்குள் குந்தியிருப்பார். மண்வெட்டியால் கொத்திப் புரட்டிவிட்டு, பிறகு வெறுங்கையால் மணலைத் துழாவுவார். போத்தல் ஓடு, சோடா மூடி, சிப்பி, சில நாள் நாயின் பீ. எல்லாவற்றையும் பொறுக்கிப் பழைய பால்மா ரின் ஒன்றில் போடுவார். நாங்கள் வந்து சேரும்போது மணல் சம்பல் அரைத்தது மாதிரிக் கிடக்கும். எங்களுக்கு அது தானாகவே அப்படிக் கிடக்கிறது என்றுதான் நினைப்பு. யாரும் கேட்டதில்லை.

தை பிறந்தால் பாடசாலைகளில் இல்ல விளையாட்டுப் போட்டி. கோடு போடச் சுண்ணாம்பு கரைப்பது, கயிறு பிடிப்பது, தூண் நடுவது, விழுந்த பிள்ளைக்குத் தண்ணீர் தெளிப்பது, மழை வந்தால் ஒலிபெருக்கியைத் தூக்கிக்கொண்டு ஓடுவது எல்லாம் அவர்தான். பிரதம விருந்தினர் வந்து மாலை போட்டுக்கொண்டு, பாண்ட் அணியின் முன்னால் நடந்து, கிண்ணம் கொடுத்துவிட்டுப் போவார். மாஸ்டர் அந்த நேரம் உயரம் பாய்தல் தடியின் நடுவில் அளவுகோலைப் பிடித்துக்கொண்டு நிற்பார். நடுவில்தான் அளக்க வேண்டும். நாலு மீற்றர் தடி நடுவில் கொஞ்சம் தொய்யும், ஓரத்தில் அளந்தால் பிள்ளைக்கு இல்லாத உயரம் கிடைத்துவிடும். 'பொய் உயரம் குடுத்தா அடுத்த மைதானத்திலை அழுவான்' என்பார்.

1995 ஐப்பசி முடிவில் போருக்குத் தப்பி வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் செம்மணி வழியாகத் தென்மராட்சிக்கு நடந்ததே, அந்த இடப்பெயர்விலும் அவர் சும்மா இருக்கவில்லை. நாங்கள் தங்கியிருந்த பாடசாலை வளவில் இரண்டு கிளுவந்தடியை நட்டு, குறுக்கே ஒரு கயிற்றைக் கட்டி, பெடியளைப் பாய வைத்தார். தடிக்குப் பதில் கயிறு. தட்டுப்பட்டால் விழாது, காலைச் சுற்றும். யார் தாண்டியது, யார் தட்டியது என்று சண்டை வரும். சாப்பாட்டு வரிசை நீண்டுகொண்டிருந்த அந்த மாதங்களில் எங்களுக்குச் சண்டை பிடிக்க அதைவிட நல்ல விஷயம் ஒன்றும் இருக்கவில்லை.

அவர் செத்த வீட்டில் பேசியவர்கள் எல்லாரும் 'ஒரு சதமும் வாங்காமல் சேவை செய்தவர்' என்று சொன்னார்கள். உண்மைதான். ஆனால் எனக்கு அந்த வசனத்தில் ஒரு நெருடல். மாஸ்டர் வாங்கவில்லை, வேறொருவர் கொடுத்திருக்கிறார். விடியற்காலையில் அவர் மணல் கொத்துகிற நேரம் வீட்டில் தண்ணீர் அள்ளியது யார்? தோட்டத்துக்கு இறைத்தது யார்? வெளியூர்ப் போட்டிக்கு இரண்டு பிள்ளைகளுக்கு பஸ் காசு அவர் பையிலிருந்து போனபோது அந்த வீட்டில் அன்றைக்கு எந்தக் கறி குறைந்தது? பயிற்றுநரைப் பற்றிய பேச்சில் அவரது மனைவி கடைசியில் 'துணைவியாருக்கும் பிள்ளைகளுக்கும் எமது அனுதாபங்கள்' என்ற ஒரு வரியில் வருவார். அந்த வரியை நன்றி என்று மாற்றினாலாவது கணக்கு கொஞ்சம் சரிவரும்.

எதிர்வீரசிங்கத்தையும் இந்தக் கண்ணால் பார்க்கப் பழகிவிட்டேன். அமெரிக்காவில் வீடு வைத்திருந்த மனிதர் மாதக்கணக்கில் வடக்கின் வெயிலில் நின்றால், அங்கேயும் ஒரு கதிரை வெறுமையாகக் கிடந்திருக்கும். ஊர்த் தொண்டு என்று நாங்கள் மெச்சுவதில் பாதி, தொண்டு செய்யாதவர்கள் போட்ட முதல்.

நாங்கள் நினைவுகூர்கிற வழியும் எனக்கு அவ்வளவு திருப்தி தருவதில்லை. ஒருவர் இறந்தால் உடனே ஞாபகார்த்தச் சுற்றுப்போட்டி. பதாகையில் அவரது படத்தைவிடப் பெரிதாக அனுசரணையாளர் படம். வென்ற கழகத்துக்குச் சுழற்கிண்ணம், மூன்று வருடத்தில் கிண்ணம் எந்தக் கழகத்து அலுமாரியில் இருக்கிறது என்றே யாருக்கும் தெரியாது. இதில் தப்பில்லை, இளைஞர்கள் கூடுகிறார்கள், இரண்டு நாள் ஊர் கலகலப்பாக இருக்கிறது. ஆனால் மாஸ்டரின் வாழ்க்கையில் கிண்ணம் என்ற சாமான் மிகச் சின்னப் பங்கு. மணலும் சுண்ணாம்பும்தான் மிச்சமெல்லாம்.

மாஸ்டரின் பெயரிலும் கிண்ணம் வைப்போம் என்று கழகத்துப் பெடியள் அவர் மனைவியிடம் போனார்கள். நானும் கூடப் போனேன். தேத்தண்ணி தந்துவிட்டு அவ சொன்னா:

'கிண்ணம் வேண்டாம் தம்பியவை. இஞ்சை அவர் கொண்டு வந்து வைச்சதுகளையே தூசு தட்ட ஏலாமல் கிடக்கு. பிள்ளையள் இன்னும் அந்த மணலுக்குள்ளைதானே விழுகுதுகள்? ஒரு மெத்தையை வாங்கிப் போடுங்கோ.'

அதற்காகக் கூடின கூட்டத்தில் காசுப் பேச்சு சுருக்காக முடிந்தது. கனடாவில் இருக்கிறவர்கள் பாதி, ஊர் பாதி. மெத்தையின் பக்கத்தில் பெயர் எழுதுவதா, எழுதினால் எந்த நிறத்தில் என்பதும் கொஞ்ச நேரத்தில் சரியாயிற்று. பிறகு பின்வாங்கிலிருந்த ஒரு பெடியன் கேட்டான், ஐப்பசி கார்த்திகை மழைக்கு இது நனைந்தால் பஞ்சு ஊறிப்போகும், பாரத்தில் தூக்க ஏலாது, அப்ப ஒவ்வொரு நாளும் பின்னேரம் இதை இழுத்துக் கொண்டுபோய்ச் சனசமூக நிலையத்துக்குள் வைத்துப் பூட்டி, விடியப் போய்த் திறந்து வெளியே இழுத்துவிடுவது யார்?

தலைவர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் விளையாட்டுப் பொறுப்பாளரைப் பார்த்தார். சுழற்சி முறையில் செய்யலாம் என்று ஒருவர் சொன்னார். பாடசாலையிடம் ஒப்படைப்போம் என்று இன்னொருவர். இரவுக் காவலாளிக்குக் கொஞ்சக் காசு கொடுத்தால் என்ன என்று மூன்றாமவர். என்னையும் ஒருவர் பார்த்தார். நான் விடியற்காலையில் எழும்புகிற ஆள் இல்லை என்று ஊருக்கே தெரியும். கேள்வி கேட்ட பெடியன் சாவி எத்தனை இருக்கிறது என்று விசாரித்தான். ஒன்றுதான் என்றார்கள். இன்னொன்று வெட்டித் தாருங்கோ என்றான். ஆனால் அவன் உயர்தரப் பரீட்சை எடுக்கிற பிள்ளை, தாய் விடமாட்டா என்று பக்கத்திலிருந்தவர் சொல்ல, பேச்சு மறுபடி முதலிலிருந்து தொடங்கியது.